கடலே வீடாகும் ஏழு நாள்கள்



சென்ற மாதம் கீழக்கரையிலிருந்து ஒரு தாய் எழுதிய மடல் என் மேசைக்கு வந்தது. சில வரிகள்தாம். "துபாயில் பணிபுரியும் என் மகன் வரும் விடுமுறையில் நண்பர்கள் மூவருடன் மாலத்தீவுக்குப் போக வேண்டும் என்கிறான். விடுதியில் தங்கப்போவதில்லையாம். ஏழு நாளும் படகிலேயே உண்டு, உறங்கி, நாள்தோறும் மூன்று முறை கடலுக்கடியில் இறங்கி மீன்களைப் பார்ப்பார்களாம். கரையில் நின்று கடலைப் பார்த்தாலே அஞ்சுகிறவள் நான். என் சம்மதம் இல்லாமல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டான். தாங்கள் ஒருமுறை அப்படிப் போய் வந்ததாக இப்பகுதியில் எழுதியிருந்தீர்கள். அங்கே என்னதான் நடக்கும்? போகச் சொல்லவா, தடுக்கவா?"

அச்சகோதரிக்குத் தனியே பதில் எழுதிவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயினும், வெளிநாடுகளில் பொருளீட்டும் நம் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய பயணங்களை நாடுகின்றனர். மனைவி மக்களோடு செல்வோரும் உளர். ஆகவே, அவருக்கு எழுத நினைத்ததை உங்கள் அனைவருக்குமாக எழுதுகிறேன்.

கடலுக்கடியில் இறங்குவது நமக்கு அந்நியமான செயலன்று. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்த குடும்பங்கள் கீழக்கரையில் இருந்தன. மாலத்தீவும் நமக்குப் புதிதன்று. நம் அடுக்களையில் சம்பலுக்கு இடிபடும் மாசிக் கருவாடு அத்தீவுகளின் சரக்குதான். தூத்துக்குடித் தோணிகள் தலைமுறை தலைமுறையாக மாலேக்குப் போய் வந்திருக்கின்றன. மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1343இல் அத்தீவுகளை அடைந்து, அங்கே காஜியாகப் பணியாற்றி, பிறகு இலங்கை வழியாக, அந்நாளில் 'மஃபர்' எனப்பட்ட நம் கடற்கரைக்கே வந்து சேர்ந்தார். எனவே, மகன் ஏதோ கேள்விப்படாத திசைக்குப் போகிறான் என்று அத்தாய் கலங்க வேண்டியதில்லை. அங்கே நடப்பது என்ன என்பதை மட்டும் அறிந்துகொண்டால் போதும்.

சஃபாரிப் படகு

மாலத்தீவு என்பது ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளின் தொகுதி. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. கடலடியிலிருந்து எழும் பவளப் பாறைகள் பெரிய பெரிய வளையங்களாக அமைந்திருக்க, அவ்வளையங்களின் மீது தீவுகள் கோத்த மணிகள்போலக் கிடக்கின்றன. அவ்வளையத்தைத் திவெஹி மொழியில் 'அதொளு' என்பர். உலகெங்கும் வழங்கும் 'அட்டோல்' என்னும் சொல் அதிலிருந்து பிறந்ததுதான்.

நல்ல பவளப் பாறைகள் ஓரிடத்தில் குவிந்து கிடப்பதில்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே பல மணி நேரப் பயணம் இருக்கும். விடுதியில் தங்குபவர் அவ்விடுதியைச் சுற்றியுள்ளவற்றை மட்டுமே காண முடியும். ஆகவேதான் படகையே விடுதியாக்கி, பாறையிலிருந்து பாறைக்குச் செல்லும் முறை தோன்றிற்று. இத்தகைய படகை அங்கே 'சஃபாரிப் படகு' என்று அழைக்கின்றனர். இரண்டு அல்லது மூன்று தளங்கள், பத்துப் பன்னிரண்டு அறைகள், உண்ணும் கூடம், வெயில் காயும் மேல்தளம் ஆகியவை அதில் இருக்கும். ஏறத்தாழ 20 பயணிகளும், பணியாளர்களும் அதில் வசிப்பர்.

பெரிய படகுக்குப் பின்னால் ஒரு சிறு படகு தொடர்ந்து வரும். அதன் பெயர் 'தோனி', நம் தோணியேதான். காற்றுச் சிலிண்டர்கள், அவற்றை நிரப்பும் இயந்திரம், ஈர உடைகள் எல்லாம் அந்தத் தோனியில்தான் இருக்கும். முக்குளிக்கும் நேரம் வந்ததும் எல்லோரும் அதில் ஏறிப் பாறைக்குச் செல்வர். திரும்பி வந்தபின் பெரிய படகில் உண்டு உறங்குவர். இதனால் இயந்திர இரைச்சலும் ஈரமும் உறங்கும் இடத்திற்கு வருவதில்லை.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். மே முதல் மழையும் அலையும் கூடும். இரவில் படகு வளையத்தின் உட்புறத்தில் நங்கூரமிடுவதால் ஆட்டம் குறைவு. ஆனால், ஒரு வளையத்திலிருந்து மற்றொன்றுக்குத் திறந்த கடலைக் கடக்கும் சில மணி நேரம் குடலைப் பிடுங்கும். குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே வாங்க வேண்டும். அவற்றுள் சில உறக்கத்தைத் தருபவை; உறக்கக் கலக்கத்தோடு நீரில் இறங்கலாகாது.

ஏறுமுன் கற்க வேண்டியது

நீந்தத் தெரிந்தால் போதும், மற்றதைப் படகில் கற்றுக்கொள்ளலாம் என்று எண்ணிச் செல்வோர் உண்டு. அது தவறு. சஃபாரிப் படகு பள்ளிக்கூடமன்று. 'ஓப்பன் வாட்டர்' எனப்படும் முதற்பயிற்சியை முன்னரே முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். மூன்று நான்கு நாள்கள் வகுப்பிலும் குளத்திலும் கடலிலுமாக நடக்கும் பயிற்சி அது. முதற்சான்றிதழ் 18 மீட்டர் ஆழத்திற்கும், அடுத்த நிலைச் சான்றிதழ் 30 மீட்டருக்கும் தகுதி தரும். பொழுதுபோக்காக முக்குளிப்போர் 30 மீட்டருக்குக் கீழே இறங்குவதை மாலத்தீவின் விதிகளும் அனுமதிப்பதில்லை.

அமீரகத்தில் இருப்போர் ஃபுஜைராவிலும், நம் நாட்டில் இருப்போர் அந்தமானிலும் புதுச்சேரியிலும் இதைக் கற்கலாம். ஆனால், சான்றிதழ் பெற்ற மறுவாரமே சஃபாரிப் படகில் ஏறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மாலத்தீவின் சிறப்பு, வளையங்களின் இடைவெளிகளில் கடல் உள்ளே பாய்ந்து வெளியேறும் கால்வாய்கள். அங்கே நீரோட்டம் கடுமையாக இருக்கும். பல படகுகள், இத்தனை முறை முக்குளித்த அனுபவம் இருந்தால்தான் ஏற்றுவோம் என்று நிபந்தனை விதிப்பது இதனாலேயே. அந்த நிபந்தனையைக் கேட்காமல் யாரையும் ஏற்றிக்கொள்ளும் படகு இருந்தால், அதைத் தவிர்ப்பது நலம்.

பயணத்திற்கு முன் ஓர் உடல்நலப் படிவம் தருவர். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை, அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள் என ஒவ்வொன்றாக அது கேட்கும். கருவுற்ற பெண்கள் முக்குளிக்கலாகாது. 'ஆம்' என்று எழுதினால் மருத்துவரின் ஒப்புதல் கேட்பார்களே என்று அஞ்சி எல்லாவற்றிற்கும் 'இல்லை' என்று எழுதிவிடுவோர் பலர். நேயர்களே, இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவேன்.

ஒரு நாளின் நடைமுறை

விடுமுறைதானே, நிம்மதியாக உறங்கலாம் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். விடியற்காலை 6 மணியளவில் மணி அடித்து எழுப்பிவிடுவர். ஒரு கோப்பைத் தேநீர், இரண்டு பிஸ்கட். அடுத்து வழிகாட்டி ஒரு வெள்ளைப் பலகையில் பாறையின் படத்தை வரைந்து, நீரோட்டம் எத்திசையில், எங்கே இறங்குவது, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று விளக்குவார். எவ்வளவு தேர்ந்தவராயினும் இதைக் கேட்டாக வேண்டும்.

முதல் முக்குளிப்பு முடிந்ததும் காலை உணவு. படகு நகரும். முற்பகலில் இரண்டாவது. நண்பகல் உணவு, சிறு உறக்கம். பிற்பகலில் மூன்றாவது. வாரத்தில் ஓரிரு நாள் மாலை இருட்டியபின் விளக்குகளோடு இறங்குவதும் உண்டு. ஏழு இரவுப் பயணத்தில் பதினைந்து முறைக்கு மேல் நீரில் இறங்குவீர்கள். இரவு ஒன்பது மணிக்குக் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். இதை ஓய்வு என்று கருதாமல், இனிய உழைப்பு என்று கருதிச் செல்வோரே மகிழ்ந்து திரும்புகின்றனர்.

அறைகள் சிறியவை. கீழ்த்தள அறைகளில் இயந்திர ஒலி கேட்கும். நன்னீர் அளவோடுதான் கிடைக்கும். பெரும்பகுதி நேரம் தொலைபேசி கிட்டாமலும் போகலாம். இதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது பிள்ளைகளின் கடமை. இல்லையேல், இரண்டு நாள் அழைப்பு வராவிட்டால் இங்கே உம்மாவுக்குச் சோறு இறங்காது.

நீருக்கடியில் நிகழ்வது

நம் முத்துக்குளிப்போரின் முதற்பாடம் மூச்சை அடக்குவது. ஸ்கூபாவின் முதற்பாடமோ அதற்கு நேர் எதிரானது: ஒருபோதும் மூச்சை அடக்காதே. இதன் காரணத்தை அறிந்தால் பாதி அச்சம் அகலும்.

ஆழம் பத்து மீட்டர் கூடுந்தோறும் நீரின் அழுத்தம், நாம் கரையில் சுமக்கும் காற்றழுத்தம் ஒரு மடங்கு சேர்ந்ததுபோல உயர்கிறது. முத்துக்குளிப்பவர் மேலே இழுத்த மூச்சு கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும். அதனால் அவருடைய நுரையீரலுக்குத் தீங்கில்லை. ஆனால், சிலிண்டரிலிருந்து மூச்சு விடுபவர் ஆழத்திலேயே, அந்த அழுத்தத்திற்கு ஈடான காற்றை நெஞ்சு நிறைய வாங்குகிறார். பத்து மீட்டரில் வாங்கிய மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரு மடங்காக விரியும், நுரையீரல் தாங்காது. ஆகவே, எப்போதும் இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது, மெதுவாக மேலேறுவது. காற்றிலுள்ள நைட்ரஜன், அழுத்தத்தால் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து நிற்கும். கோலி சோடாவைத் திறந்ததும் நுரைத்துப் பொங்குவதைக் கண்டிருப்பீர்கள். விரைந்து மேலேறுபவரின் உடலிலும் அதுவே நிகழ்கிறது. குமிழிகள் மூட்டுகளில் தங்கினால் கடும் வலி. நரம்பு மண்டலத்தைத் தாக்கினால் முடக்கம். எனவே, நிமிடத்திற்கு ஒன்பது மீட்டருக்கு மிகாமல் ஏறி, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று, பிறகே வெளிவருவர். கையில் கட்டிய சிறு கணிப்பொறி இதையெல்லாம் நொடிதோறும் கணக்கிட்டுக் காட்டும். இவ்வளவு கவனித்தும் நோய் கண்டால், அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை அளிக்க வேண்டும். அதன் செலவு மிகுதி. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் முக்குளிப்பு அடங்காது. அதற்கெனத் தனிக் காப்பீடு எடுக்காமல் புறப்படலாகாது.

மூன்றாவது, இணை. யாரும் தனியே இறங்குவதில்லை. இருவர் இருவராகவே செல்வர். ஒருவரின் காற்று தீர்ந்தால் மற்றவரின் சிலிண்டரிலிருந்து மூச்சு விடுவதற்கு இரண்டாவது வாய்க்குழல் ஒவ்வொருவரிடமும் இருக்கும். முத்துக்குளிக்க இறங்குபவர் மேலே கயிற்றைப் பிடிக்கத் தம் மைத்துனரையே நிறுத்துவார் என்று நம் கடற்கரையில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாள் விதவையாக அவர் விடமாட்டார் அல்லவா? ஸ்கூபாவில் கயிறு இல்லை. ஆயினும், அந்த மைத்துனரின் இடம் இருக்கிறது. அதில் யார் நிற்கிறார் என்பது முக்கியம்.

காண்பவையும் காணாதவையும்

இத்தனை இடர்களைத் தாங்கி ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். முதல் நாள் கால்வாயின் விளிம்பில், பாறையைப் பற்றிக்கொண்டு நின்ற அந்த அரைமணி நேரத்தை நான் எழுத்தில் கொண்டுவர இயலாது. நீரோட்டத்தை எதிர்த்து, துடுப்பை அசைப்பதுகூடத் தெரியாமல், சாம்பல் நிறச் சுறாக்கள் வரிசையாக மிதந்துகொண்டிருந்தன. அவை எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. அஞ்சவேண்டியது சுறாவை அன்று என்பதை அன்றே அறிந்தேன். மாலத்தீவு அரசு 2010இல் தன் கடற்பரப்பு முழுவதிலும் சுறா பிடிப்பதைத் தடை செய்தது.

மான்ட்டா எனும் பெருந்திருக்கை, தன் அகன்ற செட்டைகளைச் சிறகுபோல் வீசி வரும். குறிப்பிட்ட பாறைகளின் மேல் அது வந்து நிற்க, சிறு மீன்கள் அதன் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தூய்மை செய்யும். வடகிழக்குப் பருவத்தில் வளையங்களின் மேற்குப் புறத்திலும், தென்மேற்குப் பருவத்தில் கிழக்குப் புறத்திலும் அதன் இரையான மிதவை உயிர்கள் திரள்வதால், படகும் அதற்கேற்ப வழியை மாற்றிக்கொள்ளும். ஆரி வளையத்தின் தென்பகுதியில் ஆண்டு முழுவதும் திமிங்கிலச் சுறாவைக் காண வாய்ப்புண்டு. மீன்களிலேயே மிகப் பெரியதான அது, நுண்ணிய மிதவை உயிர்களை வடிகட்டி உண்டு வாழும் சாதுவான உயிர். 1995 முதல் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது. பாஅ வளையத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் மான்ட்டாக்கள் பெருங்கூட்டமாகக் கூடும். அங்கே சிலிண்டருடன் இறங்கத் தடை உள்ளது. நீர்மட்டத்தில் நீந்தியபடியே காண வேண்டும்.

ஆனால், விளம்பரப் படங்களிலுள்ள வண்ணப் பவளத் தோட்டத்தை எங்கும் எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். கடல்நீர் வழக்கத்தைவிட வெம்மையடைந்ததால் 1998இலும் 2016இலும் அங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. சில இடங்களில் மீண்டு வளர்கின்றன. சில இடங்களில் எலும்புக் குவியல்போல் சாம்பல் நிறத்தில் கிடக்கின்றன. எஞ்சியிருப்பதைத் தொடாமலும், அதன் மேல் நிற்காமலும், எதையும் எடுக்காமலும் திரும்புவது நம் கடமை.

தொழுகை, உணவு, உடை

நம் வீட்டார் தவறாமல் கேட்கும் கேள்விகள் இவை. மாலத்தீவு முஸ்லிம் நாடு. படகோட்டிகளும் பணியாளர்களும் பெரும்பாலும் நம்மவரே. ஆகவே, தொழுவதற்கு இடம் கேட்டால் மகிழ்ந்து தருவர். கிப்லா அங்கிருந்து வடமேற்குத் திசை. ஆனால், நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும். இஷாவுக்கு நின்ற பக்கம் சுபுஹுக்கு மாறியிருக்கும். முக்குளிப்போர் கையில் அணியும் திசைகாட்டி அப்போது நன்கு பயன்படும். பிற்பகல் முக்குளிப்பு அஸர் நேரத்தை ஒட்டி வரும். இரவு முக்குளிப்பு மஃரிபுக்குக் குறுக்கே வரும். பயணத் தொழுகையின் சலுகைகளைப் புறப்படும் முன்னரே உங்கள் மத்ஹபின்படி ஆலிமிடம் கேட்டறிந்து செல்லுங்கள்.

உணவில் மீனும் சோறும் குறைவில்லாமல் கிடைக்கும். மாசியும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்த 'மாஸ் ஹூனி'யை ரொட்டியோடு காலையில் தருவர். உண்டால் நம் வீட்டு நினைவு வரும். எனினும், வெளிநாட்டுப் பயணிகளுக்காக இயங்கும் படகுகள் பலவற்றில் மது விற்கும் கூடம் உண்டு. இறைச்சி வகைகளிலும் வேறுபாடு இருக்கக்கூடும். முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டுவிடுவது நலம். மது அருந்தியவரை அன்று நீரில் இறக்கலாகாது என்பது முக்குளிப்பின் விதியும்கூட.

பெண்கள் செல்வதாயின், மணிக்கட்டு முதல் கணுக்கால் வரை மறைக்கும் முழு உடையே நீருக்கடியில் அணியப்படுகிறது. அது உடலை இறுகப் பற்றுவதாகையால், தளத்தில் இருக்கும்போது மேலே தளர்ந்த ஆடை அணிந்துகொள்ளலாம். தனியே பதிவு செய்தால் அறையை இன்னொருவரோடு பகிர வேண்டிவரும். அவர் யார் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து முழுப் படகையும் அமர்த்திக்கொண்டால் இச்சிக்கல்கள் எதுவும் இல்லை, செலவும் பங்காகும். எரிபொருள், வரி, கருவி வாடகை, பணியாளர் அன்பளிப்பு ஆகியவை பெரும்பாலும் தனிக் கணக்கு என்பதையும் நினைவிற்கொள்க.

இரவில் விழித்திருப்பவர் யார்?

படகில் ஏறிய முதல் மாலையே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இவை எங்கிருந்து பிறந்தன என்பதைச் சொல்கிறேன். 2019 செப்டம்பர் 2 அன்று, அமெரிக்காவின் கலிஃபோர்னியாக் கரையோரம் நங்கூரமிட்டிருந்த 'கன்செப்ஷன்' என்னும் முக்குளிப்புப் படகில் விடியுமுன் தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேரும் உயிரிழந்தனர். தீ எதனால் மூண்டது என்பது உறுதியாகத் தெரியவில்லை. ஆனால், இரவில் விழித்துச் சுற்றிவர ஒருவரையும் நிறுத்தவில்லை என்பதும், உறங்கும் அறையின் இரு வழிகளும் தீ பரவிய அதே கூடத்திலேயே திறந்தன என்பதும் விசாரணையில் தெரியவந்தன.

ஆகவே கேளுங்கள்: இரவு முழுவதும் விழித்திருப்பவர் யார்? என் அறையிலிருந்து வெளியேறும் இரண்டாவது வழி எது, அது எங்கே திறக்கிறது? காமிரா, விளக்கு ஆகியவற்றின் மின்கலங்களை எங்கே, யார் பார்வையில் மின்னேற்றுகிறீர்கள்? மின்கலத்தை மின்னேற்ற இணைத்துவிட்டு உறங்கப்போகாதீர்கள். இரண்டாவது வழியை விளக்கணைத்து ஒருமுறை நடந்து பாருங்கள். இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் படகோட்டியைவிட, உங்களைக் கையைப் பிடித்து அழைத்துச்சென்று காட்டுபவரே நம்பத்தக்கவர்.

நான் மறைத்த சளி

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும்.

பயணத்தின் மூன்றாம் நாள் எனக்கு மூக்கடைத்துக்கொண்டது. சளி பிடித்தவர் இறங்கலாகாது. மூக்கிலிருந்து காதுக்குச் செல்லும் நுண்குழல் வீங்கி அடைத்திருக்கும். ஆழம் கூடும்போது செவிப்பறையின் இருபுறமும் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது. இவையெல்லாம் பாடத்தில் படித்தவையே. ஆயினும், அன்று மான்ட்டாக்கள் வரும் பாறைக்குச் செல்லும் நாள். கட்டிய பணம் நினைவுக்கு வந்தது. என் இணையாக வந்தவர் என்னைவிட இருபது வயது இளையவர். அவர்முன் பின்வாங்க வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு இறங்கினேன்.

ஆறாவது மீட்டரில் காதுக்குள் ஊசி குத்தியதுபோல் வலி. சற்று மேலேறி மீண்டும் இறங்கினேன். மூக்கைப் பிடித்துப் பலங்கொண்டு ஊதினேன். வழிகாட்டி என் கை காதருகே போவதைக் கண்டுவிட்டார். கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினார். நிலத்தில் அதற்கு 'நன்று' என்று பொருள். நீருக்கடியில் 'மேலே போவோம்' என்று பொருள். நானும் என் இளைய இணையும் அவரோடு மேலே வந்தோம். என்னால் அவரும் மான்ட்டாவைக் காணவில்லை. ஊர் திரும்பிக் காட்டியபோது, செவிப்பறையில் இரத்தம் கட்டியிருப்பதாகவும், இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருந்தால் கிழிந்திருக்கும் என்றும் மருத்துவர் கூறினார். ஆழத்தில் செவிப்பறை கிழிந்து குளிர்ந்த நீர் உட்புகுந்தால் தலை சுழன்று, மேல் எது கீழ் எது என்றே தெரியாமற்போகும்.

அன்று பிற்பகல் மேல்தளத்தில் தனியே அமர்ந்திருந்தேன். இளமையில் தூத்துக்குடிக்குப் பலமுறை வந்துபோன முதிய படகோட்டி, ஒரு தட்டில் உணவோடு வந்து என்னருகே அமர்ந்தார். உடைந்த தமிழில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "சளி பிடித்தது தப்பில்லை, சொல்லாதது தப்பு."

நேயர்களே, ஏழு நாளில் நான் கற்ற அனைத்தும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. உடல்நலப் படிவத்தில் மறைத்த ஆஸ்துமா, காற்று விரைவாகத் தீர்வதைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு மறைத்த அளவுமானி, அனுபவம் உண்டென்று கூட்டிச் சொன்ன எண்ணிக்கை, நண்பர்கள் நகைப்பார்களே என்று விழுங்கிய அச்சம் ஆகியவை சுறாக்களைவிடக் கொடியவை. முக்குளிப்பில் ஓர் அருமையான விதி உண்டு. எவரும், எந்நேரத்திலும், எக்காரணத்திற்காகவும் கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டலாம். காட்டினால் இணையும் உடன் மேலேற வேண்டும். ஏன் என்று கேட்டுத் தயங்கலாகாது. அதற்காக எவரையும் நகைக்கலாகாது. அந்த விரலை உயர்த்தத் துணிவு இருந்தால் மற்றத் துணிவுகள் தாமே வரும்.

கடைசி நாள்

பல நாள் முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரம் விமானத்தில் ஏறலாகாது. ஒரு முழு நாள் விடுவதே நன்று. இரத்தத்தில் எஞ்சிய நைட்ரஜன் உயரத்தில் மீண்டும் குமிழியாகலாம். ஆகவே, கடைசி நாள் நீரில் இறங்காத நாள். அதை வீணென்று எண்ணாமல் மாலே நகருக்குச் செல்லுங்கள். 1658இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. அதன் சுவர்கள் கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக் கற்களாலானவை. அவற்றின் மீது நுணுக்கமான சித்திர வேலைகளும் எழுத்துகளும் செதுக்கப்பட்டுள்ளன. வாரமெல்லாம் நீருக்கடியில் உயிரோடு கண்ட பவளம், அங்கே சுவராக நிற்பதைக் காண்பீர்கள்.

இப்போது அச்சகோதரிக்கு என் பதில்.

தாயே, உங்கள் மகனிடம் "சுறா இருக்குமா?" என்று கேட்க வேண்டாம். "பயிற்சி முடித்துவிட்டாயா? எத்தனை முறை இறங்கியிருக்கிறாய்? காப்பீடு எடுத்தாயா? இரவில் விழித்திருப்பவர் யார்?" என்று கேளுங்கள். இறுதியாக இன்னொன்றும் கேளுங்கள்: "மூன்று நண்பர்களும் இறங்கத் தயாராக நிற்கும்போது, 'இன்று எனக்கு முடியாது' என்று உன்னால் சொல்ல முடியுமா?"

முடியும் என்று உடனே சொன்னாலும், சற்று யோசித்துச் சொன்னாலும், அனுப்பி வையுங்கள். யோசித்துச் சொன்னால் இன்னும் நல்லது. எனக்கு நம்பிக்கை இருக்கிறது. தொலைவிலிருக்கும் பிள்ளை, உங்களிடம் சொல்லாமலே போய்விட்டு வந்திருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. அவரோ நீங்கள் மறுக்கக்கூடும் என்று அறிந்தும், மறைக்காமல் கேட்டிருக்கிறார். கடலில் கரை சேர்க்கும் குணம் அதுவே.

மகன் நலமாகத் திரும்பி வந்ததும் ஒரு வரி எழுதுங்கள். வல்ல இறைவன் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.